வெள்ளைச்சாமியின் தட்டு

லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு வெள்ளைச்சாமி என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவன் வாய்க்குள் போகிறதெல்லாம் வெள்ளை. வெறும் சோறு, ஓரம் வெட்டிய ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டையின் வெள்ளைக்கரு, பால். முப்பத்தெட்டு வயது ஆளுக்கு உலகத்தில் சாப்பிட இந்த ஐந்துதான். வாழைப்பழத்தை வேண்டுமானால் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பழத்தில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்திருந்தால் அதுவும் கிடையாது.

பிடிவாதம் என்று ஊரே நினைத்தது. பிடிவாதமாக இருந்திருந்தால் அவனே எப்போதோ விட்டுத் தொலைத்திருப்பான். சின்ன வயதில் வீட்டில் அடித்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டும் பார்த்தார்கள். குழம்பு பட்ட சோறு நாக்கில் பட்டதுமே தொண்டை இறுகிவிடும். அதைத் திறக்கிற சாவி அவன் கையில் இல்லை. கடைசியில் அவன் கற்றுக்கொண்டது சாப்பிட அல்ல, சாப்பிட்ட மாதிரி காட்ட. இருமுகிற சாக்கில் வாயில் இருப்பதைக் கைக்குட்டைக்குள் தள்ளுவதில் பத்து வயதிலேயே தேர்ந்துவிட்டான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு வேறு வழி கண்டுபிடித்தான். மதியம் மற்ற மெக்கானிக்குகள் டப்பாவைத் திறந்து, ஒருத்தர் தட்டில் ஒருத்தர் கை வைக்கும் நேரம் பார்த்து, "மேல பிரேக்க ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்" என்று மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறிவிடுவான். கிரீஸ் வாசனைக்கு நடுவில், கம்பி வடம் சுற்றுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தின்பான். அங்கே யாரும் "ஒரே ஒரு வாய்" என்று சொல்வதில்லை.

மனைவியாக வரப்போகிறவளிடம் மூன்றாவது சந்திப்பிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தான். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்ததும், "இவ்வளவுதானா? நான் என்னமோ நீ ஆளக் கொன்னுட்டியோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா எங்கம்மாகிட்ட இத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. அம்மா சாதாரண அம்மா இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கேன்டீனை இருபத்தாறு வருஷமாக நடத்துகிறவர். டாக்டர் முதல் ஆம்புலன்ஸ் டிரைவர் வரை அவர் கையால் சாப்பிடாதவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. அவருக்கு ஒருவரைப் பிடித்திருந்தால் வாயால் சொல்லமாட்டார். கரண்டியால்தான் சொல்வார்.

மாப்பிள்ளை முதல் தடவையாக அத்தை வீட்டுக்கு வந்தபோது அந்தக் கரண்டி பதினோரு பாத்திரத்துக்குள் போய் வந்தது. வெள்ளைச்சாமி வெறும் சோற்றை மட்டும் ஓரமாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். அத்தை பார்த்தார். பொறுத்தார். கடைசியில் பொரித்த மீனில் முள்ளெடுத்து ஒரு துண்டை அவன் சோற்றின் மேல் வைத்தார்.

"ஒரு வாய், மாப்பிள்ளை. எனக்காக."

எனக்காக என்று சொன்ன பிறகு என்ன செய்வான்? பல்லைக் கடித்துக்கொண்டு வாயில் போட்டான். அடுத்த நிமிஷம் குளியலறைக்கு ஓடினான். திரும்பி வந்தபோது மேசையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. அத்தை அவன் தட்டை எடுத்துப் போய், அத்தனையையும் குப்பைக்கூடையில் வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். கரண்டி தட்டில் உரசுகிற சத்தம் அவனுக்கு வெகுநாள் காதை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு நாலு வருஷம் அத்தை அவனோடு நேராகப் பேசியதே குறைவு. "அவருக்கு வெறும் சோறு வெச்சுடு" என்று மகளிடம் சொல்வார், அவன் எதிரிலேயே. உறவுக்காரர்களிடம், "ஆயிரம் பேரு சாப்பிட்ட கை இது. வீட்டு மாப்பிள்ளைக்கு மட்டும் தொண்டையில எறங்கல" என்பார். அவனுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அன்பைச் சொல்ல அவருக்கு ஒரே வாசல்தான் தெரியும், அதை நான் அடைத்துவிட்டேனே என்று நினைத்துக்கொள்வான்.

நாலாவது வருஷம் மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் பரவியது. அத்தைக்கும் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது. போகிறபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதை முகர்ந்தாலும் ஒன்றும் தெரியவில்லை. சரியாகிவிடும் என்று கேன்டீனுக்குப் போய், உப்பைக் குத்துமதிப்பாகப் போட்டு ஆறு வாரம் ஓட்டினார். பிறகு வாசனை திரும்பி வந்தது. ஆனால் தப்பாக வந்தது. வெங்காயம் வதக்கினால் எரிந்த டயர் நாற்றம். காபி என்றால் சாக்கடை. ஒரு நாள் காலையில் அடுப்படியில் நிற்க முடியாமல், கரண்டியைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக லீவு போட்டார்.

"மூக்குல இருக்கற நரம்பு திரும்ப வளரணும். மாசக்கணக்குல ஆகலாம். இதுக்குன்னு மருந்து கிடையாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருந்து இல்லை என்றதும் எல்லோரும் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சூப் வந்தது. மகள் தினமும் எடை பார்த்தாள். அத்தையின் அக்கா, எல்லோருக்கும் பெரியம்மா, பெட்டியோடு வந்து தங்கிவிட்டார். "ஒரு வாய்டி. கண்ண மூடிட்டு முழுங்கிடு" என்று எதிரில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு மாசத்தில் அத்தை ஒன்பது கிலோ குறைந்தார்.

ஒரு நாள் அத்தை வீட்டுக்கு அடுத்த தெருவில் லிஃப்ட் வேலை. "மதியம் போய் அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டு வந்துடு. எனக்கு ஷிஃப்ட்" என்று மனைவி சொல்லியிருந்தாள். வெள்ளைச்சாமி போனபோது அத்தை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா காவலுக்கு. அத்தை ஒரு வாய் போட்டார், மென்றார், இருமினார், கைக்குட்டையால் வாயைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு வாய். இன்னொரு இருமல்.

அது இருமலே இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பெரியம்மா, நீங்க போய்க் கொஞ்சம் சாஞ்சுக்குங்க. நான் பாத்துக்கறேன்" என்றான். தட்டு பாதி காலியானதில் பெரியம்மாவுக்குப் பரம திருப்தி. எழுந்து உள்ளே போனார்.

வெள்ளைச்சாமி மூலையில் இருந்த குப்பைக்கூடையைக் காலால் நகர்த்தி அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் விட்டான். பிறகு ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பின்னால் கைக்குட்டை உதறப்படும் சத்தம் கேட்டது.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?" அத்தையின் குரல்.

"ரெண்டாவது இருமல்லயே."

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க மாப்பிள்ள."

"நான் எங்க சொல்றது? நானே இருபது வருஷம் இருமின ஆளு, அத்தை."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா எழுந்துவிடுவாரே என்று வாயைப் பொத்திச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று தெரியவில்லை. அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தான்.

"எதெல்லாம் ரொம்ப மோசம்? எது கொஞ்சம் பரவாயில்ல?" என்று கேட்டான்.

இரண்டு மாசமாக எல்லோரும் சாப்பிடு என்றார்களே தவிர, இதை யாரும் கேட்கவில்லை. அத்தை கொட்டித் தீர்த்துவிட்டார். வதக்கினது, வறுத்தது, ஆவி பறக்கிறது எல்லாம் டயர் நாற்றம். மசாலா பட்டாலே போச்சு. ஒன்றோடு ஒன்று கலந்திருந்தால் எதில் நாற்றம் வருகிறது என்று தெரியாத பயம் வேறு.

"அப்போ சூடா இருக்கக் கூடாது. கலக்கக் கூடாது" என்றான் வெள்ளைச்சாமி, லிஃப்டில் பழுது எங்கே என்று சொல்லும் அதே குரலில். "ஆறினதுக்கு வாசனை கம்மி. தனித்தனியா வெச்சா என்ன வரப்போகுதுன்னு முன்னாடியே தெரியும்." தன் டப்பாவைத் திறந்தான். அவித்து ஆறிப்போன உருளைக்கிழங்கு, உப்பு, இரண்டு துண்டு ரொட்டி. நடுவில் வைத்தான்.

அத்தைக்குள் இருந்த சமையல்காரி தலை தூக்கினாள். "ஆறிப்போனதையா திங்கறது? கேன்டீன்ல இத நான் நாய்க்குக்கூடப் போட்டதில்ல."

"வேண்டாம்னா விட்டுடுங்க."

அவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தின்ன ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினான். அரைக் கிழங்கைக் காணோம். கைக்குட்டை மேசை மேல் மடித்தது மடித்தபடி இருந்தது.

அன்றிலிருந்து மதியம் எந்தத் தெருவில் வேலை இருந்தாலும் ஸ்கூட்டரை அத்தை வீட்டுக்கு விட்டான். சாப்பிட முடிந்தது, முடியாதது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார்கள். தயிர் முதல் வாரம் தோற்றது, நாலாவது வாரம் ஜெயித்தது. முட்டையின் வெள்ளைக்கரு கடைசிவரை தோற்றது. வெள்ளைச்சாமிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மனைவிக்கு முதலில் சுருக்கென்றிருந்தது. "பெத்த பொண்ணு நான் கெஞ்சறேன், வாயத் தொறக்கமாட்டேங்கறாங்க. உன்கிட்ட மட்டும் எப்படிச் சாப்பிடறாங்க?"

"நீ பயத்தோட பாக்கற. ஒவ்வொரு வாயையும் எண்ணற. அப்படிப் பாத்தா எறங்காது" என்றான். அவள் மறுநாள் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

ஒரு நாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அத்தை கேட்டார்: "அன்னிக்கு அந்த மீனு... உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"நாத்தம் இல்ல அத்தை. ஆனா உடம்பு வேணாம்னுடுச்சு. மனசு என்னமோ சாப்பிடணும்னுதான் நெனச்சுது."

"நான் தட்ட வழிச்சுக் கொட்டினேனே."

"அத அன்னிக்கே மறந்துட்டேன்."

"பொய் சொல்லாதீங்க."

"சரி. மறக்கல."

அத்தை தலையை ஆட்டினார். "நானும்தான் மறக்கல" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டு பேர் வாயிலும் வரவில்லை; அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பிறகு அவர் கேட்டதுதான் அவனைத் திகைக்க வைத்தது. "உங்களுக்கா எதையாவது தின்னு பாக்கணும்னு ஆசை வந்திருக்கா? யாரும் சொல்லாம, உங்களுக்கா?"

முப்பத்தெட்டு வருஷத்தில் அவனைத் தின்னச் சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. ஆசை உண்டா என்று கேட்ட முதல் ஆள் அத்தைதான்.

"ஆப்பிள்" என்றான். "கடிக்கும்போது ஒரு சத்தம் வருமே. அது நல்லாருக்கும்போலத் தோணும்."

அத்தை அடுத்த நாள் ஆப்பிள் வாங்கி வைக்கவில்லை. அதைப் பற்றி மூச்சே விடவில்லை. அவனேதான் பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி கடைக்குப் போன நேரத்தில், ஒரு ஆப்பிளைத் தோல் சீவிக் காகிதம்போல மெல்லிசாக நறுக்கினான். முதல் துண்டைத் துப்பினான். இரண்டாவதையும் துப்பினான். புதன்கிழமை ஒரு துண்டு உள்ளே போனது. தொண்டை என்ன செய்யப்போகிறதோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அத்தையிடம் சொன்னபோது அவர் ஆகா ஓகோ என்று குதிக்கவில்லை. "தோல் சீவினா அதுவும் வெள்ளதானே. பேரு கெட்டுப்போகாது" என்றார். ஆனால் முகம் மலர்ந்து கிடந்தது.

ஏழாவது மாசம் வெங்காயம் வெங்காயமாக மணந்தது. காபி மட்டும் இன்னும் சாக்கடைப் பக்கமே நின்றது. போகட்டும் என்று விட்டுவிட்டு அத்தை கேன்டீனுக்குத் திரும்பினார். வந்த முதல் வாரமே ஒரு புதுத் தட்டு வந்தது: சோறு தனி, அவித்த காய் தனி, குழம்பு கிடையாது, ஒன்றில் ஒன்று படக் கூடாது. இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று உதவிக்கு நின்ற சமையல்காரர் முனகினார். "கேக்கறவங்களுக்குக் கொடு. ஏன்னு மட்டும் கேக்காத" என்றார் அத்தை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ வார்டிலிருந்து, எதைத் தின்றாலும் குமட்டுகிறது என்று தினம் நாலைந்து பேர் கேட்டார்கள்.

சில வாரம் கழித்து அத்தையிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ள, வெள்ளிக்கிழம மத்தியானம் கேன்டீன் பக்கம் வாங்க. இங்க ஒரு நர்ஸ் பொண்ணு இருக்கு. ரொட்டியும் பாலும் தவிர எதுவும் எறங்காதாம். ரெண்டு வருஷமா மாடிப்படியில ஒளிஞ்சு சாப்பிட்டிருக்கு. எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காருன்னேன். நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைக்குது. நேர்ல வந்து காட்டுங்க."

போனான். மூன்று பேரும் மூலை மேசையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் ரொட்டியை மறைத்துக்கொண்டே பிரித்தாள். அவன் டப்பாவைத் திறந்து கிழங்குக்கு உப்பு போட்டான். அத்தை தன் சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தார். யாரும் யார் தட்டையும் பார்க்கவில்லை.

"நீங்க லிஃப்ட் மெக்கானிக்காமே" என்றாள் அந்தப் பெண். "எங்க பிளாக்ல மூணாவது லிஃப்ட் எப்பப் பாத்தாலும் நாலாவது மாடியில வந்து நின்னுடுது. ஏங்க?"

"கதவு மூடறப்ப சத்தம் வருதா, வரலியா?"

"வருது. கிறீச்சுன்னு."

"அப்படின்னா மோட்டார்ல ஒண்ணுமில்ல" என்று அவன் ஆரம்பித்தான். கதவு ஓடும் தடத்தில் குப்பை சேர்வது, சென்சார் ஏமாறுவது என்று மேசையில் விரலால் கோடு போட்டு விளக்க, அவள் ரொட்டியைக் கடித்தபடி குறுக்குக்கேள்வி கேட்டாள். அவளுடைய இடைவேளை முடியும்வரை பேச்சு லிஃப்டை விட்டு நகரவே இல்லை.