ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பிங்

புது சர்வர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டோரிலிருந்து ஒரு பழைய டெஸ்க்டாப் வந்தது. எட்டு ஜிபி ரேம். பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால்தான் உயிர் வரும்.

"இதுலயே பாத்து செஞ்சிடுங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார் மேனேஜர். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே காலம் முழுக்க என்னிடம் வேலை வாங்கிவிட்டார்கள்.

நெய்வேலியில் அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்றும் ஒரு லாரி கம்பெனியில் எனக்கு சிஸ்டம்ஸ் வேலை. ஆபீஸ் மந்தாரக்குப்பத்தில், எடைமேடை வடக்குத்துப் பக்கம். இரண்டு கூரையிலும் ஆன்டெனா வைத்து வயர்லெஸ் லிங்க் கொடுத்திருந்தோம்; அது இருந்தால்தான் அங்கே எடை ஸ்லிப் அடிக்க முடியும். லிங்க் எப்போது விழுகிறது என்று பார்க்க மானிட்டரிங் சாஃப்ட்வேர் போடச் சொன்னார்கள். அந்த டெஸ்க்டாப்புக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் போல ஓடுகிற இரண்டு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கினேன். ஒன்றில் மானிட்டரிங், இன்னொன்றில் அதன் டேட்டாபேஸ். லிங்க் இருக்கிறதா என்று கேட்டு நிமிஷத்துக்கு ஒரு முறை எடைமேடைக்கு பிங் போகும். பதில் வந்தால் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

மூன்றாம் நாளே மெமரி நிரம்பி இரண்டும் திணறின. ரேம் கேட்டேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்." சரி என்று பிங்கை ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக மாற்றினேன். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால்தான் சிவப்பு என்றும் வைத்தேன். மெஷின் ஓடியது. மேனேஜர் அந்தப் பச்சையைப் பெரிய டிவியில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

எடைமேடையில் ஸ்லிப் அடிக்கிற வேலையில் கலைச்செல்வி இருந்தாள். வடக்குத்துக்காரி, கான்ட்ராக்ட். தினமும் போன் செய்வாள்.

"சார், மேடைல வண்டி நிக்கும்போதே லைன் கட்டாயிடுதுங்க. ஸ்லிப்பு வர்ல. டிரைவருங்க கத்திகினு நிக்கிறாங்க."

"இங்க பச்சையாத்தாம்மா இருக்கு" என்பேன்.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேஜைக்கு முன்னால் கலைச்செல்வி நின்றிருந்தாள்.

"ஸ்லிப் விட்டுப்போனதுக்கெல்லாம் இவங்க நெட்வொர்க் மேல பழி போடறாங்க. உங்க சிஸ்டம் என்ன சொல்லுது?"

நான் செய்த மாற்றம் அப்போதே நினைவுக்கு வந்தது. இரண்டு நிமிஷம் விழுந்து எழுகிற லிங்க் என் திரையில் தெரியவே தெரியாது. அதைச் சொன்னால் ஏன் மாற்றினீர்கள் என்பார். ரேம் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அலுப்பாக இருந்தது. "பச்சைதான் சார் காட்டுது" என்றேன். சொன்னது பொய் இல்லை. இன்றைக்கு நினைத்தால் அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

புதிதாக வந்தவரும் பத்தே நாளில் அதே புகாரோடு போன் செய்தார். அதன்பிறகுதான் நான் எடைமேடைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு வண்டி மேடையில் நிற்கும்போது, அடுத்து நிற்கிற டிரைவர் ஒட்டியிருக்கும் சாம்பலை உதற டிப்பரின் தொட்டியை மேலே தூக்குகிறார். அது ஆன்டெனாவை மறைக்கிறது. இறக்கியதும் லிங்க் வந்துவிடுகிறது.

பத்தடிக் குழாய் வைத்து ஆன்டெனாவை உயர்த்தினோம். அரை நாள் வேலை. மேனேஜரிடம் நான் செய்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கலைச்செல்வியைத் திரும்பக் கூப்பிடலாம் என்றேன்.

"விடுங்க, புது ஆள் பழகிட்டார்" என்றார்.

அவள் சேத்தியாத்தோப்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தேடிப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். புடவை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"டிப்பரைத் தூக்கறப்பதான் கட்டாவுதுன்னு நான் ரெண்டாவது நாளே பாத்துட்டேங்க சார். சொல்ல வாயத் தொறப்பேன். அதுக்குள்ள பச்சைன்னுட்டு போனை வச்சிடுவீங்க."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். உங்கள் மெஷினால் எதைப் பார்க்க முடியாது என்பதை வெளியில் சொல்லிவிடுங்கள். போன் செய்கிறவரை முழுசாகப் பேச விடுங்கள். அவளுக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்திருக்கும்.