வியாழக்கிழமை விடுதலை வட்டம்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோவில் ஒரு பேராசிரியை வீட்டில் தங்கி வீட்டு வேலை செய்தேன். அவரைச் சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்யோராவின் சொந்தக்காரர் சாப்பிட வருவார்கள், ஆகவே அது போச்சு. எனக்கென்று மிஞ்சியது வியாழன் பின்னேரம் மட்டும்தான். என் மகள் பக்கத்து ஊரான பகேரியாவில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்தாள். அங்கே பெற்றோர் போய்ப் பார்க்கும் நாளும் வியாழன்தான். சின்யோராவுக்கு இது நன்றாகத் தெரியும்.

அரபுப் பெண்கள் எழுதும் நாவல்கள் என்றால் சின்யோராவுக்கு உயிர். அவற்றைப் பற்றிப் பேச ஒரு பெண்கள் வட்டம் தொடங்கினார். எந்த நாளில்? வேறெந்த நாளில்! வருகிற சீமாட்டிகளுக்கு அன்றுதான் வசதியாம். கோப்பி கொடுக்க நான் நிற்க வேண்டும், கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். மாதங்கள் ஓடின.

எரிச்சலில், அவர்கள் பேசிக்கொண்டிருந்த நாவலின் இத்தாலிய மொழிபெயர்ப்பை எடுத்துச் சமையலறையில் வைத்து வாசித்தேன். பிடித்துவிட்டது, அதுதான் கொடுமை. கதாநாயகி தகப்பன் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். தன் வாழ்க்கையைத் தானே தெரிவு செய்யாவிட்டால் தானும் ஒரு மேசை கதிரைதான் என்கிறாள். பிறகு ஆலைப் பெண்களோடு சேர்ந்து, வீட்டு வேலைக்குக் கூலி எங்கே என்று கேட்கிறாள். அந்தத் தகப்பன் அச்சொட்டாக என் பெரியப்பாதான், அரபு பேசுகிறார், அவ்வளவே. ஒரு குறை மட்டும். அவளுக்குக் கோப்பி கொண்டுவரும் வேலைக்காரி வருகிறாள், போகிறாள். எங்கே போகிறாள் என்று ஒருவருக்கும் அக்கறை இல்லை.

ஒரு வியாழன், தட்டோடு நின்ற என்னிடம் சின்யோரா கருத்துக் கேட்டார். அந்த வேலைக்காரிக்குப் பிள்ளை இருக்கிறதா என்று புத்தகம் சொல்லவில்லையே என்றேன். சீமாட்டிகள் கைதட்டினார்கள். ஒருத்திக்குக் கண்கூடக் கலங்கியது. இனி நானும் வட்டத்தில் ஒருத்தியாம், வியாழன்தோறும் அவர்களோடு உட்கார வேண்டுமாம். கதிரையை வேறு இழுத்துப் போட்டார்கள். எனக்கு விடுதலை தருகிறார்களாம், அதுவும் என்னுடைய நாளிலேயே!

"எனக்குக் கதிரை வேண்டாம் சின்யோரா, வியாழன்தான் வேணும். பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பாள்," என்று ஏப்ரனைக் கழற்றினேன். வேலை போனால் இந்த நாட்டில் இருக்க விடும் அனுமதி, அந்தப் பெர்மெசோவும் போகும். சின்யோரா கோபிக்கவில்லை. அப்படியானால் கோப்பி யார் ஊற்றுவது என்று மட்டும் கேட்டார்.

ரயில் பிடித்துப் போனேன். விடுதிக் கூடத்தில் மற்றப் பிள்ளைகள் தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டு வெளிக்கிட்டுத் தாய்மாரோடு இருந்தார்கள். என் மகள் பழைய வீட்டுச் சட்டையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"நான் வெளிக்கிடேல்லை அம்மா," என்றாள். "நீங்கள் வியாழனிலை வாறேல்லைத்தானே."