சந்திரகிரி உச்சியில் வெயில்

நான் ஒன்பது வயதில் பிடித்த முதல் நோன்பு, செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு கரிக் கிடங்கில் முறிந்துபோனது. முறித்தவர் மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஒரு சமண வீட்டு அம்மாள். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தும் அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு மனதுக்குள் 'அவள், இவள்' என்றுதான் திட்டினேன். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை.

அது யுத்தக் காலம். அரிசியும் மண்ணெண்ணெயும் ரேஷன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. போதாததற்கு சர்க்கார் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. நோன்புக்குக் கணக்கு சூரியன்தான். அதிலும் செஞ்சியில் ஒரு சிக்கல் உண்டு. மேற்கே ராஜகிரி மலை நிற்பதால், சூரியன் அதன் பின்னால் இறங்கியதுமே கோட்டையிலும் ஊரிலும் நிழல் விழுந்துவிடும். வெளியூர்க்காரர்கள் பொழுது போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் ஏமாற மாட்டோம். எதிர்ப்பக்கம் சந்திரகிரியின் உச்சிப் பாறையைப் பார்ப்போம். அங்கே வெயில் இருக்கும் வரை பகல்தான். அந்த வெயிலும் அணைந்த பிறகுதான் பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள், நாங்கள் நோன்பு திறப்போம். இது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்பே தெரியும்.

ரமலான் பாதியை நெருங்கியிருந்த ஒரு நாள், விடிவதற்கு முன் எழுந்து பெரியவர்களோடு சாப்பிட்டுவிட்டு நானும் நோன்பு பிடித்தேன். முதல் நோன்பு என்றால் எங்களுக்கு ஒரு சின்னக் கல்யாணம். வல்லத்திலிருந்து மாமி பச்சை சாட்டின் பாவாடையும் மல்லிகைச் சரமும் கொண்டு வந்திருந்தார். சாயங்காலம் என்னை நடுவில் உட்கார வைத்து மாலை போடுவார்கள், உறவெல்லாம் பார்க்கும். என் அண்ணன் போன வருஷம் மத்தியானமே தண்ணீர்ப் பானையோடு மாட்டிக்கொண்டவன். அவனை ஜெயித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த பக்தி.

பகல் சாய்ந்தபிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. நோன்புக் கஞ்சிக்குத் தாளிக்கும் வாசனை ஒரு பக்கம். "முடியலைன்னா வுட்டுடு கண்ணு, ஒண்ணும் தப்பில்ல" என்று நிமிஷத்துக்கொரு தரம் வந்து பார்க்கும் அம்மா ஒரு பக்கம். யாரிடமும் சொல்லாமல் கோட்டைக்குப் போய்விட்டேன். செஞ்சியில் எனக்குத் தெரிந்த குளிர்ச்சியான இடம் கோட்டையின் பழைய நெற்களஞ்சியம். சுவர் அவ்வளவு கனம். பஸ்ஸுக்கு வேண்டிய கரி மூட்டைகளை அப்போது அதற்குள் அடுக்கி, வாசலுக்கு ஒரு மரக்கதவும் போட்டிருந்தார்கள். யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று தெரியாது. யுத்தக் காலத்தில் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் தரையில் படுத்தவள் தூங்கிப்போனேன்.

இடிச் சத்தத்தில் விழிப்பு வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவு மூடியிருந்தது. ஓர் அம்மாள் இரண்டு கையாலும் அதைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா! உள்ள ஆளு இருக்குது ஐயா!"

நடந்தது இதுதான். மழைக்கு அவர் உள்ளே ஓடி வந்திருக்கிறார். அவருக்குப் பின்னாலேயே, கரி நனையக் கூடாது, ஆடுகள் ஒதுங்கக் கூடாது என்று காவல்காரர் ஓடி வந்து, எட்டிக்கூடப் பார்க்காமல் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு எங்கேயோ ஒதுங்கிவிட்டார். நானும் போய்க் கத்தினேன். மழையில் எங்கள் குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

தட்டி ஓய்ந்த பிறகுதான் அவர் என்னைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு பித்தளைச் செம்பு, அதன் வாய்க்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"இன்னா பாப்பா, நீ எப்படி இங்க வந்த?" என்றார். நான் பக்கத்தில் போனதும் ஓரடி பின்வாங்கினார். "தள்ளி உக்காரு கண்ணு. தப்பா நெனைக்காத. நான் விரதத்துல இருக்கறேன்."

நானும் விரைப்பாக, "நானுந்தான் நோன்பு" என்றேன்.

அவர் உட்காருவதற்கு முன் முந்தானையால் தரையை மெதுவாக ஒதுக்கினார், எறும்பு எதுவும் அடியில் மாட்டிவிடக் கூடாதாம். கரிக் கிடங்கில் போய்ப் பெருக்குகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நோன்புக்கு ஆகாது என்று யாரோ சொன்ன ஞாபகத்தில் அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். வேறு என்ன செய்வது? அவர் காலையில் பக்கத்து வீட்டுக் கரி வண்டியில் ஊரிலிருந்து வந்தவர். திருநாதர் குன்றில் பாறையில் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரர்களைக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் போக அதே வண்டிக்காகக் கிடங்குக்கு வந்திருந்தார். வண்டிக்காரர் மாட்டுக்கு லாடம் கட்டப் போயிருந்தார். "பொழுது போறதுக்குள்ள வந்துருவாரு" என்று அந்த அம்மாள் எனக்குத் தைரியம் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு தைரியம் இல்லை.

நோன்பு எப்படி என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். விடியலுக்கு முன் இருட்டில் சாப்பிட்டோம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இருட்டுலயா? அய்யய்யோ. வௌக்குல பூச்சி பொட்டு வுழுமே கண்ணு!"

பொழுது சாய்ந்தபின் அவர்கள் வாயில் எதுவும் வைக்க மாட்டார்களாம், தண்ணீர்கூட. அது எல்லா நாளைக்கும் உள்ள வழக்கம். அப்போது அவர்களுக்குப் பத்து நாள் விரதம். ஒரு வேளைதான் சாப்பாடு. மறுநாள் சதுர்த்தசி, அன்றைக்குத் தண்ணீரும் கிடையாது. "இன்னிக்குப் பொழுது போறதுக்குள்ள இந்தத் தண்ணிய குடிச்சிட்டேன்னா, அப்புறம் நாளன்னிக்கு விடிஞ்சாத்தான்" என்று செம்பைக் காட்டினார். காய்ச்சி, துணியில் வடிகட்டிக் கொண்டுவந்த தண்ணீர்.

பகலில் தண்ணீர் குடித்துவிட்டு அதை விரதம் என்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. இருட்டில் சாப்பிடுகிற குழந்தை என்று அவருக்கு என்மேல் பரிதாபம். யாருடைய விரதம் பெரியது என்று நான் வழக்காடினேன். "ஒன்னுதுதான் பெருசு. நீ சின்னப் புள்ளையாச்சே" என்று அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். உயிரை நோகடிக்கக் கூடாது, பொய் பேசக் கூடாது, அதுதான் விரதத்தில் முக்கியம், பட்டினி அப்புறம்தான் என்றும் சொன்னார். அது எனக்குச் சுலபமானதாகப் பட்டது.

மழை விட்டது. சுவரில் உயரத்தில் ஒரு சின்ன இடுக்கு. "அது வழியா சந்திரகிரி தெரியுதா பாக்கணும்" என்றேன். உச்சி வெயில் விஷயத்தை அவருக்கு விளக்கினேன். அவருக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. நான் பொழுது போகக் காத்திருந்தேன், அவர் பொழுது போவதற்குள் குடிக்க வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒரே பாறைதான் கடிகாரம். தொடாதே என்றவர் தாமே என்னை இடுப்பில் பிடித்து மூட்டைமேல் ஏற்றிவிட்டார். எட்டிப் பார்த்தேன். மேகம் விலகி உச்சிப் பாறை பளபளவென்று இருந்தது.

"இன்னும் நெறைய இருக்குது" என்றேன், அழுகை வரும்போல.

அவர் செம்பின் துணியை அவிழ்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "அப்புறமாக் குடிச்சுக்கறேன்" என்று மறுபடி கட்டிவிட்டார். தண்ணீரைப் பார்த்தபின் என் தாகம் பத்து மடங்காகிவிட்டதென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பிறகுதான் எனக்கு முடியாமல் போனது. மழை நின்றதும் உள்ளே புழுங்கியது. கரித்தூள் தொண்டையில் ஒட்டிக்கொண்டு இருமல் வந்தது. வெறும் வயிறு குமட்டியது. கண் முன்னால் பூச்சி பறந்தது. அவர் என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது தெரியும். கதவைப் போய்ப் போய்த் தட்டிவிட்டு வந்ததும் தெரியும்.

"ஒரு வாய் குடிச்சிடு கண்ணு. சின்னப் புள்ள, சாமி ஒண்ணும் சொல்லாது."

பல்லைக் கடித்துக்கொண்டேன். செம்பு உதட்டில் படும்போதெல்லாம் தலையைத் திருப்பினேன். மாலை, சாட்டின் பாவாடை, அண்ணன், எல்லாம் போய்விடும். "வெயில் போனாத்தான்" என்றேன். அவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்ததோ, இன்றைக்கு நினைத்தால்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. மூட்டைமேல் ஏற எனக்குக் காலில் பலம் இல்லை. "நீங்க பாருங்க" என்றேன்.

அவர் மூட்டைமேல் ஏறினார். இடுக்கில் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வெயில் இருக்குதா?"

இடுக்கிலிருந்து அவர் முகத்தை எடுக்கவில்லை.

"சொல்லுங்க, இருக்குதா?"

"இல்ல கண்ணு" என்றார், திரும்பாமல். "போயிடுச்சு. பொழுது போயிடுச்சு."

பொய் பேசாத விரதக்காரர் சொல்கிறார். பிஸ்மில்லா சொல்லிக் குடித்தேன். செம்பில் பாதிக்கு மேல் குடித்தேன். மீதியை அவர் என் முகத்திலும் உச்சந்தலையிலும் தடவினார். உயிர் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று அவர் மடியிலேயே படுத்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். இருவர் மூஞ்சியும் கரி.

ரொம்ப நேரம் ஆகவில்லை. தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. வண்டிக்காரர் தேடி வந்து, காவல்காரரைக் கையோடு பிடித்து வந்திருந்தார். நான் முதலில் வெளியே ஓடினேன். கோட்டைக்குள் நிழல் இறங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சந்திரகிரி உச்சிப் பாறை முழுக்க மஞ்சள் வெயில்.

ஓவென்று அழுதேன். "வெயில் இருக்குது! பொய் சொல்லிட்டீங்க! என் நோன்ப முறிச்சிட்டீங்க! பொய்க்காரி!" என்று ஊரே கேட்கக் கத்தினேன். காவல்காரர் தான் செய்த காரியத்தை மறந்துவிட்டு என்னை அதட்டினார்.  அந்த அம்மாள் முந்தானையால் என் கன்னத்துக் கரியைத் துடைக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன்.

வண்டிக்காரருக்கு அவர்கள் வழக்கம் தெரியும்போல. கவிழ்ந்து கிடந்த செம்பைப் பார்த்துவிட்டு, "இன்னும் வெளிச்சம் இருக்குதும்மா. நாளைக்கு வேற தண்ணியில்லாத விரதம். காவக்காரரு வூட்டுல சொன்னா ஒரு நொடியில காய்ச்சி வடிகட்டித் தருவாங்க. குடிச்சிட்டுக் கெளம்பலாம்" என்றார்.

அவர் சந்திரகிரியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார்.

"வேணாம்பா. எனக்குப் பொழுது போயிடுச்சு" என்றார்.

கண்ணெதிரே வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது, திரும்பவும் அதே பொய்யைச் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. வண்டி புறப்பட்டபோது அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டில் என்னைத் தேடித் தேடி எல்லோரும் பாதி உயிராகியிருந்தார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாளுக்கு அன்றைப் பொழுதோடு தண்ணீர் இல்லை என்பதையும், வழக்கில் என் விரதமே பெரியது என்று தீர்ப்பானதையும்கூட விடாமல் சொன்னேன். மயங்கி விழப்போன குழந்தை குடித்ததில் தப்பே இல்லை என்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். மாமி மாலையை எடுத்து வந்தார். வேண்டாம் என்று வீசினேன்.

என் தகப்பனார், எங்கள் அத்தா, மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தம்மா அப்புறம் தண்ணி குடிச்சாங்களா?"

"இல்ல. பொழுது போயிடுச்சுன்னு வண்டிக்காரர்கிட்டயும் பொய் சொன்னாங்க."

 சந்திரகிரியில் வெயில் அணைந்தது. பாங்கு சொன்னார்கள். எல்லோரும் நோன்பு திறந்தார்கள். அத்தா தண்ணீர்த் தம்ளரைக் கையில் எடுத்தவர், வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு தடவை சொன்ன பிறகுதான் குடித்தார். என் நோன்பு போனதில் அவருக்கும் எவ்வளவு துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் தம் விரதத்தில் பொய்யைச் சேர்த்துக்கொண்டதும், சேர்த்ததற்கு ஈடாக அந்தப் பொய்யைத் தமக்கு மட்டும் மெய்யாக்கிக்கொண்டு போனதும் எனக்குப் புரிய, எனக்கே ஒரு மகள் பிறந்து காய்ச்சலில் தண்ணீர் கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள் எனக்கு நோன்பு இல்லை. மழை பெய்த அடையாளமே தெரியாமல் அன்று வெயில் கொளுத்தியது. நான் தெருவில் விளையாடிவிட்டு வந்து வந்து பானையில் மொண்டு குடித்தேன். மாலை வரை ஏழெட்டு முறையாவது குடித்திருப்பேன். ஒரு முறைகூட அந்த அம்மாளின் நினைவு எனக்கு வரவில்லை.