பொழுதுபோக்குக்கு எதற்குப் பாலிசி

ஹீனா பிசியோதெரபி படித்தவள். நல்லம்பள்ளியில் கணவன் உபைத்தின் ஹார்டுவேர் கடையை ஒட்டிய அறையில், மாலையில் மட்டும் நோயாளிகளைப் பார்த்தாள். ஊருக்கு அவள் டாக்டரம்மா. வீட்டிலோ அதை யாரும் வேலையாகவே மதித்ததில்லை. "பொழுது போவட்டும்னு போயிட்டு வர்றா" என்பான் உபைத்.

ஒருநாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் பானுமதி வந்தாள். சிகிச்சையில் தவறு என்று யாராவது வழக்குப் போட்டால் நஷ்டஈட்டைக் கம்பெனி கட்டும், பகுதி நேரமாகப் பார்க்கிறவர்களும் எடுக்கலாம் என்றாள். ஹீனா வாய் திறப்பதற்குள் உபைத் சிரித்தான்.

"கையக் கால புடிச்சு வுடறதுக்கெல்லாம் எதுக்குங்க இன்சூரன்ஸ்?"

ஹீனாவும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டிராக்டரிலிருந்து விழுந்த அர்ச்சுனன் தோள்வலியோடு வந்தார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னாள். "தருமபுரிக்கு யாருங்க அலையறது, நீங்களே பாத்து வுடுங்க" என்றார். கடையிலிருந்து உபைத்தும் குரல் கொடுத்தான்: "நம்ம வாடிக்கைக்காரருதான் ஹீனா, பாத்து அனுப்பு."

கையைத் தூக்கிப் பயிற்சி கொடுத்தாள். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த எலும்பு இடம் விலகிப்போனது. அர்ச்சுனன் வழக்குப் போட்டார்.

வக்கீல் அறையில் உபைத் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. அது அவ தொழிலு."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து ஹீனா கேட்டது அதுதான் முதல் தடவை.