பக்கத்து வீட்டு நீதிபதியைப் பற்றி ஒரு விசாரணை

அமெரிக்கக் குடியேற்றத் துறையின் காகிதங்களில் வசந்தாமணி, கணவரைச் சார்ந்து வாழ்பவர். வேலை செய்ய அனுமதி இல்லாதவர். அந்தக் கணவர் பாலசுப்ரமணியனுக்குத் தன் சாக்ஸ் எங்கே இருக்கிறதென்று தெரியாது. வெஸ்ட் வின்ட்சரில் அவர்கள் வீட்டில் பகல் முழுக்க நாலு தமிழ்க் குழந்தைகள் அவள் கையில் வளர்ந்தன. சம்பளத்துக்குத்தான். எல்லாத் தமிழ் அம்மாக்களுக்கும் தெரியும். கிரீன் கார்டு மனுவைப் பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியக் கூடாது.

பக்கத்து வீட்டில் நீதிபதி விட்கோம்ப். சட்டம் தவறாதவர் என்று பெயர். வசந்தாமணி சந்தேகப்பட அதுவே போதும். 1996-ல் ஒருநாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, வாரம் இரண்டு நாள் பார்த்துக்கொள்ள முடியுமா என்றார். அடுத்த வாக்கியமே, வேலை அனுமதி உண்டா என்பது. இல்லையென்றாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். காட்டிக்கொடுக்கத்தான் போகிறார் என்று ஒரு வருஷம் அவர் வீட்டு ஜன்னலையே நோட்டம் விட்டாள்.

மறுவருஷம் கோட்டு போட்ட ஒருவர் வந்து எஃப்.பி.ஐ. அட்டையை நீட்டினார். விட்கோம்பை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தப் போகிறார்களாம். அதனால் அக்கம்பக்கத்தில் விசாரணை. ஈரோட்டில் மாப்பிள்ளை பற்றி விசாரிக்க இப்படித்தான் வருவார்கள். "நல்ல பையன்தானுங்க" என்று கொஞ்சம் இழுத்தால் போதும், சம்பந்தம் முறிந்துவிடும். ஆகவே வசந்தாமணி இழுக்காமல், மூச்சுவிடாமல் புகழ்ந்தாள். புகழப் புகழ வந்தவர் முகத்தில் சந்தேகம் ஏறியது. நீதிபதி பேத்தியோடு இங்கே வந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அனுமதியில்லாத ஆளை நீதிபதி வேலைக்கு வைத்திருந்தாரா என்று வந்தவர் கேட்டார்.

அவள் சமையலறைக்குப் போய்க் கணவருக்கு போன் போட்டாள்.

"ஏனுங்க, எஃப்.பி.ஐ. வந்திருக்குதுங்க."

"என்னது! எங்கே?"

"ஹால்ல காப்பி குடிச்சுட்டிருக்காரு. ஜட்ஜ் பேத்திய நான் பாத்துக்கிட்டேனான்னு கேக்கறாரு."

"ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லிரு. பசங்கள பேஸ்மென்ட்லயே வெய்யி."

"நா மழுப்புனா, வெச்சிருந்தாருன்னே எழுதிக்குவாரு. அந்த மனுசனுக்கு வேல போயிரும்."

"அவர் ப்ரமோஷன் முக்கியமா, நம்ம கிரீன் கார்டு முக்கியமா?"

"பாப்பா அழுகுது, வெக்கறனுங்க."

ஹாலுக்கு வந்து, நீதிபதி கேட்டதையும் திரும்பிப் போனதையும் சொன்னாள். உங்களிடம் வந்து கேட்க அவருக்கு ஏன் தோன்றியது என்றார் வந்தவர். கீழே அழுகை இன்னும் ஓயவில்லை. அதற்கும் பதில் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார், என்ன எழுதினார் என்று காட்டவில்லை.

விட்கோம்ப் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியானார். கிரீன் கார்டு 1999-ல் வந்தது; அதுவரை வசந்தாமணி தபால்காரரைக்கூட நம்பவில்லை. தான் நீதிபதியின் பேத்தியைப் பார்த்துக்கொண்டதில்லை என்றும், அனுமதியில்லாமல் வேறு நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாகவும் அன்று எஃப்.பி.ஐ.காரரிடம் அவள் சொல்லியிருந்தாள்.