அணில் பிடி வைத்த மூடி

ஜமுனாமரத்தூர் சந்தையில் சாமை டின்களுக்கு மூடி விற்றவர் ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார். மூடியின் பிடியை மரத்தில் அணிலாகச் செதுக்கி, சாதா மூடி விலைக்கே கொடுப்பார். பெண்கள் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு வாங்காமல் போவார்கள். மூன்று வாரமாக ஒன்றும் விற்கவில்லை. பக்கத்தில் கடை போட்டிருந்த எனக்குக் காரணம் தெரிந்தும் சொல்லக் கூச்சம். இனி மலைக்கு வரமாட்டேன் என்று அவர் மூட்டை கட்டியபோதுதான் வாய் திறந்தேன்.

“அண்ணா, அணிலு சாமைய திங்கிறதுங்க. அத்தயே டின்னு மேல குந்த வெச்சா யாருங்க வாங்குவாங்க?”

“மூணு வாரமா இத்த மனசுலயே வெச்சினு இருந்தியாப்பா?” என்று சிரித்தார்.

அடுத்த சந்தைக்குப் பூனைப் பிடிகளோடு வந்தார். எல்லாப் பூனைக்கும் வயிறு உப்பியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“பழைய அணிலெல்லாம் எங்க போச்சுன்னு நெனக்கிற?”

மதியத்துக்குள் மூடிகள் தீர்ந்துவிட்டன. விற்காத சரக்கோடு மூன்று வாரம் மலையிறங்கியவரிடம் இந்தக் குறும்பு எப்படி மிஞ்சியிருந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.