என் பேரில் வாங்கிய மவுத்பீஸ்

என் தாய்மாமன் என் பேரைச் சொல்லி ஒரு பொருளை வாங்கி, அதைத் தானே வைத்துக்கொண்டார். அப்போது நான் நாலாம் வகுப்பு. இந்த அநியாயத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் முழுசாகக் கோபப்பட்டு முடிப்பதற்குள் மாமாவின் முகம் குறுக்கே வந்துவிடுகிறது. அதனால் அந்தக் கோபம் இன்றுவரை பாதியிலேயே நிற்கிறது.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில், தகரக் கூரை போட்ட அறையில் இருந்தார். ரிப்பேருக்கு வரும் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் அவர் வேலை. கப்பலின் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, நாளெல்லாம் சிவப்போ கறுப்போ பூசுவார். கரையிலிருந்து பார்த்தால் எது மாமா என்றே தெரியாது. எல்லோரும் ஒரே மாதிரி தொங்குவார்கள்.

கோயில் திருவிழா அன்று மட்டும் கதை வேறு. எங்கள் கோயில் பேண்டில் மாமாதான் முதல் டிரம்பெட். மாதா தேர் வாசலை விட்டுக் கிளம்பும்போது ஒரு வழக்கம் உண்டு. டிரம் அடங்கும், பட்டாசு நிற்கும், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும் கிழவிகள்கூட நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு டிரம்பெட் தனியாக மாதா பாட்டில் ஒரு அடி வாசிக்கும். அது முடிந்தால்தான் தேர் நகரும். மீன் விற்பவர்கள், ரயில்வேக்காரர்கள், ஹார்பர் ஆட்கள் என்று அத்தனை பேரும் அந்தக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு என் மாமாவைக் கேட்பார்கள். மாமா வருஷம் பூராவும் அதற்காகத்தான் பலகையில் தொங்கினார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் திருவிழாவுக்குச் சில மாதம் முன்னால், ஒரு காலையில் மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் முகத்தில் ஒரு பாதி சிரித்தது, இன்னொரு பாதி சிரிக்கவில்லை. வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து நான் கைதட்டினேன். அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாள்.

முகவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, முகத்துக்குப் பயிற்சியும் சொல்லி அனுப்பினார்கள். பயிற்சி என்றால் பலூன் ஊதுவது, மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது, கண்ணாடி முன் நின்று ஆ, ஈ, ஊ என்று சொல்வது. எனக்கு வேறு என்ன வேண்டும்? பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவேன். யார் பலூன் முதலில் பெரிதாகிறது என்று போட்டி வைப்போம். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயித்தேன். மாமாவின் காற்று பலூனுக்குள் போகாமல் இடது கடைவாய் வழியாகப் புஸ்ஸென்று போய்விடும். அந்தச் சத்தத்தை நான் அப்படியே செய்து காட்டுவேன். அவரும் ஒரு பக்கமாகச் சிரிப்பார். நான் ஜெயிக்க வேண்டும் என்று விட்டுக்கொடுக்கிறார் என்பது என் எண்ணம்.

போகப்போகக் கோணல் ஏறக்குறைய நேராகிவிட்டது. "எனுக்கு இன்னா? சோக்கா கீறேன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீ குடிக்கும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குடித்தார்.

ஒருநாள் பேண்ட் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவர் மாமாவின் சின்ன வயது தோஸ்து. ரொம்ப நேரம் கிரிக்கெட், விலைவாசி என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"இந்த வருசம் நீ ரெஸ்ட் எட்த்துக்கயேன் மாமு. ரெண்டாவது டிரம்பெட் பையன் ரெடியா கீறான். மொத அடிய அவன் வாசிக்கட்டும்."

"ஏன், நான் செத்துட்டனா?" என்றார் மாமா.

பேண்ட் மாஸ்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நான்தான் ஊதுவேன். போய்ச் சொல்லு எல்லார்கிட்டயும்" என்றார் மாமா. அவர் சொன்ன 'ஊதுவேன்' கொஞ்சம் காற்றோடு வந்தது.

அடுத்த லீவு நாளில், "கெளம்பு பாப்பா, உனுக்கு மவுத்பீஸ் வாங்கியாரலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டிரம்பெட் கற்றுக்கொடு என்று அவரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தவள் நான். பேண்டில் டிரம்பெட் கோயிலுடையது. வாயில் வைக்கிற அந்தச் சின்னக் கிண்ணம் மாதிரியான மவுத்பீஸ் மட்டும் அவரவர் சொந்தம். ஒருத்தர் எச்சிலை இன்னொருத்தர் ஊத முடியுமா? ஆகவே மவுத்பீஸ் வந்துவிட்டால் நானும் பேண்டில் சேர்ந்தமாதிரிதான் என்று கணக்குப் போட்டேன். டிரம்பெட்டைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் பாரிமுனைக்குப் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் வைத்ததெல்லாம் மெட்டல். பித்தளை மேல் வெள்ளி முலாம் போட்டது, உள்ளங்கையில் சில்லென்று கனமாக உட்கார்ந்தது. நான் ஊதியபோது எருமை தும்மியதுபோல ஒரு சத்தம் வந்தது.

மாமா கடைக்காரரிடம் குனிந்து ரகசியம்போலக் கேட்டார். "பாப்பாக்கு ஒதடு ஒரு பக்கம் கொஞ்சம் லூசுங்க. வேர்த்தா மெட்டலு வழுக்கிகினே போவுது. காத்து சைடுல லீக் ஆவுது. அதுக்குத் தோதா இன்னா கீது?"

கடைக்காரர் என் உதட்டை உற்றுப் பார்த்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. என் உதட்டுக்கு என்ன கேடு? பலூன் போட்டியில் யார் ஜெயித்தது என்று கேட்கட்டுமே! நான் வாயைத் திறப்பதற்குள் மாமா என் தோளை அழுத்தினார்.

"சின்னப் பிள்ளைதானே, பிளாஸ்டிக் போதும்" என்று கடைக்காரர் வேறு ஒரு டப்பாவைத் திறந்தார். சிவப்பு, நீலம், கறுப்பு என்று மிட்டாய் மாதிரி இருந்தன. "லேசா இருக்கும், வழுக்காது, கீழ போட்டாலும் நசுங்காது. சத்தம் மட்டும் மெட்டல் மாதிரி கணீர்னு வராது, கொஞ்சம் மொத்தையா இருக்கும். நல்லா வாசிக்கிறவங்க யாரும் இதத் தொடமாட்டாங்க சார். பசங்க பழகறதுக்குத்தான்."

"பாப்பாக்குத்தானே" என்றார் மாமா.

பிறகு, எனக்காகச் சோதித்துப் பார்க்கிறேன் என்று டிரம்பெட்டைப் பையிலிருந்து எடுத்தார். மெட்டலைப் பொருத்தி ஊதினார். சத்தம் எழும்பி, நடுவில் சறுக்கி, புஸ்ஸென்று போயிற்று. நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேறு மெட்டலைப் போட்டார். அதுவும் அப்படித்தான். கடைக்காரர் ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பிளாஸ்டிக்கைப் போட்டார். சத்தம் கொஞ்சம் தடிமனாக, ஜலதோஷம் பிடித்தவர் குரல் மாதிரி வந்தது. ஆனால் நின்றது. மாமா கண்ணை மூடிக்கொண்டு தேர் கிளம்பும் அந்த அடியை மெதுவாக வாசித்தார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அது என்னுது!"

சிவப்புதான் வேண்டும் என்றேன். மாமா கறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "செவப்புல அழுக்குத் தெரியும் பாப்பா." அழுதேன், தரையில் காலை உதைத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே அழுதேன்.

வீட்டுக்கு வந்தபின் மவுத்பீஸ் என் கைக்கு வரவேயில்லை. "புது ஷூ கால கடிக்கும்ல? அத்த மாதிரி இது ஒதட்ட கடிக்கும். நான் ஊதிப் பழக்கித் தரேன்" என்றார். நம்பினேன். தினமும் மாடி அறையிலிருந்து அந்த ஜலதோஷக் குரல் கேட்கும். கீழே அம்மா கேட்டுக்கொண்டே சமைப்பாள். ஒருநாள், "பழகிச்சா, பழகிச்சா?" என்று நான் படியேறிப் போய்ப் பார்த்தால், என் மவுத்பீஸ் துணிக்கொடியில் நூல் கட்டித் தொங்குகிறது. பளபளவென்று வெள்ளி நிறம்! பக்கத்தில் சின்ன பிரஷ்ஷும், இரும்பு கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்ட் டப்பாவும்.

"ஷ்ஷ், உங்கம்மாகிட்ட சொல்லாத. கொயந்தைங்க சாமானு வச்சி ஊதறான்னு பேண்டு பசங்க என்ன ஓட்டியே சாவடிச்சிடுவானுங்க. இப்ப பாரு, மெட்டலுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

தெரியவில்லை. ஒப்புக்கொண்டேன். கப்பலுக்கே அடிக்கிறவர் அடித்த பெயிண்ட். அப்படிப்பட்டவருக்கு வழவழப்பான பிளாஸ்டிக்கில் பெயிண்ட் ஒட்டாது என்பது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும். ஆசைப்படுகிறவனுக்குத் தெரிந்தது எல்லாம் மறந்துபோகும். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. ரகசியத்தில் பங்கு கிடைத்த பெருமையில், என் பொருள் போனதைக்கூடக் கொஞ்சம் மறந்திருந்தேன்.

திருவிழா மாலை. கோயிலுக்கு சீரியல் லைட் போட்டிருந்தார்கள். அப்பா என்னைக் காம்பவுண்டு சுவர்மேல் ஏற்றி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார். அம்மா முன்வரிசையில் பேண்டுக்கு ஒட்டி நின்றாள். மாமா சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்டு, வியர்த்து விறுவிறுத்து நின்றார். டிரம் அடங்கியது. பட்டாசு நின்றது.

மாமா ஊதினார்.

வழக்கமாக வருகிற கணீர் இல்லை. ஆனாலும் அதே அடி, அதே இழுப்பு. பாதியில் ஒரு இடத்தில் சத்தம் நடுங்கி மெலிந்தது. அப்போது ஒன்றைக் கவனித்தேன். பக்கத்தில் நின்ற இரண்டாவது டிரம்பெட் பையன் முதலிலிருந்தே டிரம்பெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு, மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் மெலிந்த இடத்தில் அவன் மெல்லத் தன் சத்தத்தை உள்ளே விட்டான். மாமாவின் சத்தம் மீண்டதும் தன்னுடையதை நிறுத்திக்கொண்டான். "திருட்டுப் பையன், மாமா அடியில பூந்து வாசிக்கிறான்!" என்று நான் கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

அடி முடிந்தது. மாமா டிரம்பெட்டை இறக்கினார்.

வாயைச் சுற்றி வெள்ளியில் ஒரு வட்டம். கீழ் உதட்டில் பெயிண்ட் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. வியர்வையோடு ஒரு கோடு மோவாய்வரை இறங்கியிருந்தது. மவுத்பீஸில் திட்டுத் திட்டாகக் கறுப்பு பல்லிளித்தது. மாமாவுக்கு இது எதுவும் தெரியவில்லை. ஜெயித்தவர் முகத்தோடு, ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. இனிமேல் தெருவே சிரிக்கப்போகிறது என்று காத்திருந்தேன். சாதாரணத் தெருவா அது? கொடியேற்றத்தன்று ஒருத்தருக்கு வேட்டி நழுவினால் அடுத்த கொடியேற்றம்வரை அதையே சொல்லி ஓட்டும் தெரு. பேண்டு பசங்களோ அதற்கு மேல். ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன்வரிசைக்காரர்கள் தேரைப் பார்த்தார்கள். டிரம் அடிக்கிறவன் தன் குச்சியைப் பார்த்தான். அம்மா வரிசைக்குள் புகுந்தாள். முந்தானையை எடுத்து மாமாவின் வாயை அழுத்தித் துடைத்தாள்.

"இன்னாடா தம்பி இது? துன்னுட்டு வாயத் தொடச்சிகினு வரமாட்டியா?"

மாமா அவள் முந்தானையைப் பார்த்தார். வெள்ளி. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அம்மா இன்னொரு தரம் துடைத்தாள்.

பேண்ட் மாஸ்டர் சட்டென்று, "வூட்ல பிரியாணியா மாமு? எனுக்கு வெக்காம நீயே துன்னுகினியா?" என்றார்.

"உனுக்கும் எட்த்து வச்சிக்கீதுண்ணா" என்றாள் அம்மா. அன்று வீட்டில் சாம்பார்.

மாமா இரண்டு மூன்று தரம் கண்ணைச் சிமிட்டினார். பிறகு டிரம்பெட்டைத் தூக்கினார். இரண்டாவது டிரம்பெட் பையனும் தூக்கினான். டிரம் முழங்கியது, தேர் நகர்ந்தது.

எனக்கு ஆறவேயில்லை. உலகத்தில் எங்காவது வெள்ளி நிறத்தில் பிரியாணி உண்டா? "அப்பா, மாமா வாயில பெயிண்டுப்பா! பார்த்தியா?" என்றேன். அப்பா நிதானமாக அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "எங்கம்மா? ஒண்ணியும் தெர்லியே" என்றார். பக்கத்தில் நின்ற மீன்காரப் பெரியம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லையாம். கூடச் சேர்ந்து சிரிக்க ஒரே ஒரு ஆள் கிடைக்குமா என்று அந்தக் கூட்டம் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவிடம் சொன்னேன். "இந்தத் தெருவுல எல்லாருக்கும் கண்ணு கெட்டுப்போச்சுப்பா. கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும்."

"ஆமாம்மா" என்றார் அப்பா. "மொதல்ல எனுக்குத்தான்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கண் தெரியாத மனுஷன் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறாரே! படுக்கும்போது முழந்தாள் போட்டு மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். மாமாவை நினைக்கவேயில்லை. அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.